வெண்ணெய் மாகாணத்தின் மனு

1971 ஜனவரியில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கு ஒரு மனு போனது. அனுப்பியது வட கரேலியா. சோவியத் எல்லையை ஒட்டிய, காடும் ஏரியுமான கிழக்கு மாகாணம் அது. ஆளுநர் ஏசா டிமோனென் கையெழுத்திட்டிருந்தார். மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதம் பாராமல் கையெழுத்திட்டிருந்தார்கள். உள்ளூர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் சேர்ந்துகொண்டார்கள். பின்தங்கிய பகுதி வழக்கமாகக் கேட்கும் சாலை, ஆலை எதுவும் அதில் பேச்சில்லை. எங்கள் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் போகிறார்கள், அரசு இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை.

அந்த மனுவின் விளைவாக 1972இல் தொடங்கியது வட கரேலியா திட்டம். பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் இதற்குக் கிட்டத்தட்ட தலபுராண அந்தஸ்து உண்டு. நாட்பட்ட நோய்களை மருந்தாலும் அறுவையாலும் மட்டுமல்ல, மக்களின் வாழ்முறையை மாற்றியும் தடுக்கலாம் என்பதற்கு முதல் சான்றாக இதைத்தான் காட்டுவார்கள். கதை வழக்கமாக இப்படிப் போகும்: விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள், மக்கள் கேட்டார்கள், வெண்ணெயைக் கைவிட்டார்கள், மாரடைப்பு குறைந்தது. இதில் சொல்லப்படும் எண்களோடு எனக்குப் பிணக்கில்லை. ‘எடுத்துச் சொன்னார்கள், கேட்டார்கள்’ என்ற இடத்தில்தான் சந்தேகம். அங்கே நிறைய விஷயங்கள் அமுங்கிக் கிடக்கின்றன.

முதலில் நோய் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் பின்லாந்திலிருந்து இரண்டு குழுக்கள் சேர்க்கப்பட்டன. ஒன்று தென்மேற்கில், மற்றொன்று வட கரேலியாவின் இலோமாந்த்சி வட்டாரத்தில். பின்லாந்துப் பகுதியை நடத்தியவர் மார்த்தி கார்வோனென். இதய நோய் மிகக் குறைவாக இருந்த இடம் கிரேக்கத்தின் கிரீட் தீவு. மிக அதிகமாக இருந்த இடம் இந்தக் கிழக்குப் பின்லாந்து. இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்கள் அல்லர். மரம் வெட்டுபவர்கள், உழவர்கள். உடலுழைப்புக்குக் குறைவே இல்லாதவர்கள். இதய நோய் சுகவாசிகளின் நோய் என்ற அன்றைய எண்ணத்தை இலோமாந்த்சி அப்படியே புரட்டிப் போட்டது. மரவெட்டிகள் ரொட்டித் துண்டு கனத்துக்குப் பாலாடைக்கட்டியை வெட்டி, அதற்கும் மேலே வெண்ணெய் பூசித் தின்றதைப் பார்த்ததாகக் கீஸ் சொல்லியிருக்கிறார்.

அந்த வெண்ணெய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் கைக்குப் போயிற்று. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் அரசு நிலம் பிரித்துக் கொடுத்தது. கோடை குறுகிய அந்த வடக்கு மண்ணில் புல் நன்றாக வளரும், காய்கறி அவ்வளவாக வராது. சிறு பண்ணை, சில மாடுகள், குளிர்காலத்தில் காட்டு வேலை என்று வாழ்க்கை அமைந்தது. பாலுக்கு விலை அதிலுள்ள கொழுப்பை வைத்துத்தான். கொழுப்பு மிகுந்த பால் தரும் பசுவே நல்ல பசு. கொழுப்பெடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் போகும். காபியைக்கூட வடிகட்டாமல் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அப்படிக் குடிக்கும் காபியும் கொலஸ்டிராலை ஏற்றும் என்பது பிறகு தெரிய வந்தது. காய்கறி ஆடுமாடுகளின் தீவனம் என்பது ஆண்களின் பொதுக் கருத்து. போதாக்குறைக்குப் போர்முனையில் பழகிய சிகரெட்.

பசியை அறிந்த ஒரு தலைமுறை தன் வளமைக்கு அடையாளமாகக் கண்ட உணவு அது. அதைத் தனிமனிதர்களின் ‘தவறான தேர்வு’ என்று சொல்வது நியாயமாகாது. நிலப் பங்கீடு, விலைக் கொள்கை, தட்பவெப்பம் எல்லாம் சேர்ந்து ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்ததை அவர்கள் உண்டார்கள்.

திட்டத்தின் பொறுப்பு 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளைஞரிடம் வந்தது. வயது 26. மருத்துவத்தோடு அரசியல் அறிவியலும் படித்தவர். இந்த இரண்டாவது பட்டம்தான் திட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கமான மருத்துவர் என்றால் அதிக ஆபத்திலுள்ளவர்களைப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் வழியில் போயிருப்பார். புஸ்காவின் குழு அப்படிப் போகவில்லை. அவர்கள் 1972இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் நடுவயது ஆண்களின் சராசரிக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்குச் சுமார் 267 மில்லிகிராம். இன்று 240ஐத் தாண்டினாலே ‘மிகை’ என்கிறார்கள். அங்கே சராசரி ஆசாமியே அந்தக் கோட்டைத் தாண்டி நின்றான். யாரைப் பிரித்தெடுத்து நோயாளி என்பது?

இந்தச் சிக்கலைப் பின்னாளில் தெளிவாக வகுத்துச் சொன்னவர் பிரிட்டனின் நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ். 1985இல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை எழுத்துகளுள் ஒன்றாகிவிட்டது. ஒரு சமூகத்தில் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சமூகம் முழுவதிலும் ஏன் இவ்வளவு நோய் இருக்கிறது என்பது வேறு கேள்வி என்றார் அவர். முதல் கேள்வி மருத்துவருடையது, இரண்டாவது அரசுடையது. மாரடைப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் உச்சபட்ச ஆபத்தில் இருந்தவர்கள் அல்லர்; நடுத்தர ஆபத்தில் இருந்தவர்கள். காரணம் எளிய கணக்கு: அவர்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம். ஆகவே எல்லோருடைய அளவையும் கொஞ்சம் இறக்கினால், சிலருடைய அளவை நிறைய இறக்குவதைவிட அதிக உயிர்கள் பிழைக்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு என்பதை ரோஸ் மறைக்கவில்லை. சமூகத்துக்குப் பெரிய பலன் தரும் இந்த வழி தனி ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற எதையும் தராது. வெண்ணெயை விட்ட பத்துப் பேரில் யாருக்கு வரவிருந்த மாரடைப்பு வராமல் போனது என்று யாராலும் காட்ட முடியாது.

வட கரேலியா திட்டம் நடந்த அதே காலத்தில் அமெரிக்கா மற்ற வழியைச் சோதித்துப் பார்த்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து, அதிக ஆபத்திலிருந்த 12,866 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு உணவு, புகை, இரத்த அழுத்தம் குறித்து ஆண்டுக்கணக்கில் தனித்தனியே ஆலோசனையும் சிகிச்சையும் தந்தார்கள். 1982இல் முடிவு வந்தபோது இரு குழுக்களின் இதய இறப்புகளுக்கு இடையே புள்ளியியல் ஏற்கும்படியான வேறுபாடு இல்லை. ஆலோசனை பெறாத பாதியும் இதற்குள் தானாகவே மாறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஆலோசனை முடிந்து வீட்டுக்குப் போனவர் அதே கடைக்கும் அதே சமையலறைக்கும்தான் திரும்பினார் என்பதும் இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம்.

வட கரேலியாவில் கடைக்கும் சமையலறைக்குமே போனார்கள். மார்த்தா என்ற பெயரில் 1899 முதல் இயங்கிவரும் இல்லத்தரசிகள் சங்கம் பின்லாந்தில் கிராமந்தோறும் வேர்விட்டது. அதன் பெண்களோடு சேர்ந்து ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்ற பெயரில் மாலைக் கூட்டங்கள் நடந்தன. கரேலியர்களின் மரபான இறைச்சிக் குழம்பையே கொழுப்பைக் குறைத்து, காய் சேர்த்துச் சமைத்து அங்கேயே பரிமாறினார்கள். ஊரில் மதிப்புள்ள சாதாரண ஆட்கள் சுமார் 800 பேரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்தாரிடம் பேச வைத்தார்கள். சாசேஜ் தயாரிக்கும் ஓர் உள்ளூர் ஆலை பன்றிக்கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் காளானைச் சேர்த்தது. பின்னாளில் கிராமங்களுக்கிடையே கொலஸ்டிரால் குறைக்கும் போட்டிகூட நடந்தது. எந்த ஊரின் சராசரி அதிகம் இறங்குகிறதோ அந்த ஊருக்குப் பரிசு! சராசரியைத்தான் மாற்ற வேண்டும் என்ற கோட்பாட்டை ஊர்த் திருவிழா ஆக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ரோஸின் கட்டுரையைப் படிக்காத உழவர்களும் பக்கத்து ஊரை முந்த வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

காலமும் கைகொடுத்தது. 1972இல் பின்லாந்து ஆரம்ப சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றி, நகராட்சிதோறும் சுகாதார மையங்களை அமைக்கத் தொடங்கியது. மையங்களின் செவிலியர்கள் இரத்த அழுத்தத்தை அளந்து, பதிந்து, தொடர்ந்து கவனித்தார்கள். இந்தப் பகுதி பரபரப்பில்லாதது என்பதால் கதையில் அதிகம் வருவதில்லை. ஆனால் பக்கவாதம் குறைந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. உப்பும் அப்படித்தான்: 1970களின் இறுதியிலிருந்து நாடு தழுவிய முயற்சி, பிறகு 1993இல் உப்பு மிகுந்த உணவுப் பொட்டலங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி. எச்சரிக்கை வாசகத்தைப் போடுவதைவிட உப்பைக் குறைத்துவிடலாம் என்பது ஆலைகளின் கணக்காயிற்று.

புகையிலையில் சட்டம் முன்னால் வந்தது. 1976இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடைசெய்தது. பொது இடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் புகைப்பதைக் கட்டுப்படுத்தியது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை நிறுத்தியது. புகையிலை வரியில் அரை சதவீதத்தைப் புகையிலைத் தடுப்புக்கென்றே ஒதுக்கவும் வழி செய்தது. 1978இல் புஸ்காவின் குழு தொலைக்காட்சிக்கு வந்தது. புகைப்பதை விட விரும்பும் சிலரை அரங்கில் உட்கார வைத்தார்கள்; வாரந்தோறும் அவர்கள் திண்டாடுவதை நாடே பார்த்தது.

புகையிலையோடு மல்லுக்கட்டியது எளிது. அதை யாரும் பின்லாந்தில் பயிரிட்டு வயிறு வளர்க்கவில்லை. வெண்ணெய் அப்படியல்ல. பால்பண்ணையே அந்த மாகாணத்தின் பொருளாதாரம். வெண்ணெய் வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் பக்கத்து வீட்டு உழவரின் வருமானத்தில் கை வைக்கிறார் என்று பொருள். பால்பொருள் துறை சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. இதில் ஒரு வேடிக்கை: புஸ்கா 1987இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது மையக் கட்சியின் சார்பில். உழவர்களின் கட்சியாகப் பிறந்து வளர்ந்த கட்சி அது.

முடிச்சு அவிழ்ந்தது மெதுவாகத்தான். பாலுக்குக் கொழுப்பை வைத்து விலை போடும் முறை மாறி, புரதத்துக்கு மதிப்பு கூடியது. கொழுப்பு குறைந்த பால் கடை அலமாரியில் முன்வரிசைக்கு வந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிர் பின்லாந்தின் குளிரைத் தாங்கும்படி மேம்படுத்தப்பட்டு, உள்நாட்டிலேயே சமையல் எண்ணெய் கிடைக்கத் தொடங்கியது. வட கரேலியாவில் அரசு உதவியோடு 1980களின் நடுவில் பெர்ரித் திட்டம் ஒன்று தொடங்கியது. காட்டில் தானாக விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிடவும் பதப்படுத்தவும் விற்கவும் உழவர்களுக்கு வழி திறந்தது. மாட்டை விடச் சொன்னவர்கள் மாற்றாக எதை வைத்துப் பிழைப்பது என்பதற்கும் பதில் சொன்னார்கள். பொதுச் சுகாதாரம் பேசும் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது.

பலன் என்ன? 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களில் இதய நோய் இறப்பு, திட்டத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 2006க்குள் வட கரேலியாவில் சுமார் 85 சதவீதம் குறைந்தது. சராசரிக் கொலஸ்டிரால் 267லிருந்து 209 அளவுக்கு இறங்கியது. புகைபிடிக்கும் ஆண்கள் பாதிக்குமேல் இருந்த நிலை போய், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது 1972இல் பத்தில் ஒன்பது பேரின் வழக்கம். அது ஒரு சிறுபான்மையின் வழக்கமாகச் சுருங்கியது.

இனி வழக்கு. ஒப்பீட்டுக்காகத் திட்டக் குழு பக்கத்திலிருந்த குவோப்பியோ மாகாணத்தையும் ஆரம்பம் முதலே அளந்து வந்தது. அங்கே எந்தத் திட்டமும் கிடையாது. 1974க்கும் 1979க்கும் இடையே ஆண்களின் இதய இறப்பு வட கரேலியாவில் 22 சதவீதம் குறைந்தது, குவோப்பியோவில் 12 சதவீதம். இது திட்டத்தின் வெற்றியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பின்பு குவோப்பியோவும் வேகம் பிடித்தது, நாடு முழுவதும் வேகம் பிடித்தது. 2006 வரையிலான கணக்கில் வட கரேலியாவுக்கு 85 என்றால் ஒட்டுமொத்தப் பின்லாந்துக்கே 80க்கு அருகில். அப்படியானால் அந்த விருந்துகளும் 800 பேரும் செய்தது என்ன? பிரிட்டனின் ஷா இப்ராஹிம், ஜார்ஜ் டேவி ஸ்மித் போன்றோர் இந்தக் கேள்வியை இரக்கமில்லாமல் கேட்டார்கள். உபதேசத்தின் சக்தியை மிகைப்படுத்தி, பலன் நிரூபணமாகாத ஒன்றை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட், மின்னசோட்டா, பாவ்டக்கெட் ஆகிய இடங்களில் 1980களில் நடந்த சமூகத் திட்டங்களும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்கின்றன. திட்டம் நடந்த ஊர்களும் நடக்காத ஊர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மாறின.

திட்டக் குழுவின் பதில்: 1977லேயே அரசு எங்கள் வேலையை நாடு முழுவதற்கும் விரித்துவிட்டது, தொலைக்காட்சியும் புகையிலைச் சட்டமும் எண்ணெயும் குவோப்பியோவுக்கும் போயின, பிறகு அதை எப்படி ஒப்பீட்டுப் பகுதி என்பது? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலையே சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கிராமக் கூட்டமே நடக்காத இடத்திலும் சட்டமும் விலையும் பொருளும் மாறியபோது இறப்பு குறைந்திருக்கிறது. சிகிச்சை முன்னேறியதால் குறைந்தது என்றும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. 1982 முதல் 1997 வரையிலான பின்லாந்தின் சரிவை அலசிய ஓர் ஆய்வு, சிகிச்சையின் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, கொலஸ்டிரால், புகை, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் வந்த மாற்றத்தின் பங்கு பாதிக்கு மேல் என்று கணக்கிட்டது.

உபதேசம் இல்லாமலே இது நடக்குமா என்பதற்கு வரலாறு இரண்டு சோதனைகளை நடத்திக் காட்டியிருக்கிறது. முதலாவது போலந்து. பல பத்தாண்டுகளாக ஏறிவந்த இதய இறப்பு 1991 முதல் சரசரவென்று இறங்கி, சில ஆண்டுகளிலேயே நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பெரிய சுகாதாரப் பிரச்சாரம் எதுவும் அப்போது நடக்கவில்லை. கம்யூனிச ஆட்சி விழுந்ததும் வெண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் தந்த மானியம் போனது. தாவர எண்ணெயும் வெளிநாட்டுப் பழங்களும் சந்தைக்கு வந்தன. பொருளாதார நெருக்கடியில் எடுத்த ஒரு முடிவு இதய மருத்துவர்கள் கனவு கண்டதைச் செய்துவிட்டது.

இரண்டாவது மொரீஷியஸ். தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் தீவு. அங்கே 1987இல் நடந்த கணக்கெடுப்பு நீரிழிவும் இதய நோய்க் காரணிகளும் மிக அதிகம் என்று காட்டியது. அரசு மானிய விலையில் வழங்கிய சமையல் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில்; அதைச் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். ஐந்தே ஆண்டுகளில் மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் சுமார் 213லிருந்து 182க்கு இறங்கியது. இதை அளந்து எழுதிய ஆய்வாளர்களில் யாக்கோ துவோமிலெஹ்தோவும் ஒருவர். வட கரேலியாவின் தொடக்க கால ஆய்வுகளில் பங்கெடுத்தவர். வாணலியில் ஊற்றும் எண்ணெய் மாறியதைத் தவிரப் பல வீடுகளில் சமையல் அப்படியே இருந்திருக்கும். அதே சமயம் அந்த ஐந்தாண்டுகளில் தீவில் உடல்பருமன் ஏறியது, நீரிழிவு குறையவில்லை. கொழுப்பின் வகையை மாற்றும் அரசாணை, உண்ணும் அளவையும் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் தொடவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வட கரேலியாவின் கிராம வேலை வீண் என்று சொல்லத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வேலையின் பலனை இரத்தக்குழாயில் தேடியதுதான் பிழை என்று நினைக்கிறேன். பால் விலை முறையை மாற்றவும், புகையிலை விளம்பரத்தை நிறுத்தவும், உப்புக்கு எச்சரிக்கை போடவும் ஓர் அமைச்சர் கையெழுத்திட வேண்டும். உழவர்களின் வாக்கில் நிற்கும் நாட்டில், ‘இது எங்களுக்கு வேண்டும்’ என்று சொல்ல உழவர் வீட்டுப் பெண்களே இருந்தார்கள் என்பது அந்தக் கையெழுத்தைச் சாத்தியமாக்கியது. கொலஸ்டிராலுக்காக அல்ல, கரேலியாவுக்காக மாறுகிறோம் என்று மக்கள் சொன்னதைப் புஸ்கா அடிக்கடி குறிப்பிடுவார். கல்வி நோயை நேரடியாகக் குறைத்ததா என்பதை விவாதித்துக்கொண்டே இருக்கலாம். கொள்கைக்கு அது ஆள் சேர்த்தது. போலந்திலும் அதே பலன் வந்தது, ஆனால் ஓர் ஆட்சி கவிழ வேண்டியிருந்தது.

ஆள் கலைந்தால் என்ன ஆகும் என்பதையும் பின்லாந்தே காட்டுகிறது. ஆண்களின் புகை குறைந்த அதே காலத்தில் வட கரேலியப் பெண்களின் புகை ஏறியது. உடல்பருமன் நாடு முழுவதும் கூடியது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு மோகம் பரவியபோது வெண்ணெய் மீண்டும் பெருமையோடு மேசைக்கு வந்தது. 2012 கணக்கெடுப்பில், பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து இறங்கிவந்த சராசரிக் கொலஸ்டிரால் முதல்முறையாக மேலே திரும்பியிருந்தது. இனிப்புப் பண்டங்கள், ஐஸ்கிரீம் மீது 2011இல் மீண்டும் போட்ட வரியும் நிலைக்கவில்லை. சாக்லேட்டுக்கு வரி, பிஸ்கட்டுக்கு இல்லை, இது பாரபட்சம் என்று தின்பண்டத் தொழில்துறை ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. வரியை எல்லா இனிப்புக்கும் விரிப்பதா, எடுத்துவிடுவதா என்ற நிலை வந்தபோது அரசு எடுத்துவிட்டது. 2017இலிருந்து அது இல்லை. குளிர்பானங்கள் மீதான வரி மட்டும் நீடிக்கிறது.